பாரிடோனுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா!

சாக்ஸபோன்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கத்ரி கோபால்நாத், 1994-ல் வந்த 'டூயட்' படம். அது ஆல்டோ சாக்ஸ். அதே குடும்பத்தில், ஆல்டோவுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே பேசுகிற பெரியண்ணன் ஒருத்தர் இருக்கார். பேரு பாரிடோன். அவரை யாரும் கண்டுக்கறதே இல்லை. இந்தப் பதிவு அவருக்கான வக்காலத்து.

பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கியபோது ஒத்தைக் கருவிக்கு வாங்கலை. சின்னதில் இருந்து பெரிசு வரை ஒரு குடும்பத்துக்கே வாங்கினார். பாரிடோனும் அதில் ஒண்ணு. குழாய் ரொம்ப நீளம் என்பதால் மேலே ஒரு சுத்து சுத்தி மடக்கி வெச்சிருப்பாங்க. விரல் வைக்கிற முறை ஆல்டோவில் இருக்கிற அதேதான். ஆனா எடை 5, 6 கிலோ, மூச்சும் ஏகத்துக்கு வேணும், விலையோ கேட்கவே வேண்டாம். சொந்தமா வாங்கி வாசிக்கிறவங்க கம்மி. யாராவது கையில் கொடுத்தால்தான் உண்டு.

இங்கேதான் என் கட்சி ஆரம்பிக்குது. ஒரு வாத்தியம் வளர்றதும் வளராததும் அதோட குரலைப் பொறுத்தது இல்லை. அதுக்குன்னு நிரந்தரமா ஒரு நாற்காலி இருக்கா, அதான் கேள்வி.

மேற்கத்திய கிளாசிக்கலைப் பாருங்க. பாரிஸ் கன்சர்வேட்டரியில் சாக்ஸே 1857-ல் இருந்து வகுப்பு எடுத்தார். 1870-ல் அதை மூடிட்டாங்க. மார்செல் ம்யூல் தலைமையில் மறுபடி திறந்தது 1942-ல்! 72 வருஷம் பள்ளிக்கூடமே இல்லாத வாத்தியத்துக்கு யார் எழுதுவாங்க? ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'சிம்ஃபோனியா டொமெஸ்டிகா'வில் (1904) பாரிடோன் உட்பட நாலு சாக்ஸ் சேர்த்தார். ஆனா 'இருந்தா வாசிங்க, இல்லாட்டி விட்டுடுங்க' என்கிற ரகம். கெர்ஷ்வின் 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்'ல் (1928) ஆல்டோ, டெனர், பாரிடோன் மூணையும் வெச்சார். அதை வாசிக்கிற அன்னிக்கு வெளியில் இருந்து ஆள் கூப்பிடுவாங்க, முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க. விருந்தாளி மரியாதை!

'ஆர்கெஸ்ட்ராவில்தான் பசூன் இருக்கு, பேஸ் கிளாரினெட் இருக்கு, இது எதுக்கு?'ன்னு கேட்கலாம். டியூபாவுக்குக் காப்புரிமை கிடைச்சது 1835-ல். சாக்ஸை விட 11 வயசுதான் மூத்தது. அதுக்கு மட்டும் நாற்காலி கிடைச்சுதே, எப்படி?

கிளாசிக்கலில் பாரிடோனுக்குக் கௌரவமான ஒரே இடம் சாக்ஸபோன் குவார்டெட். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன்னு நாலே பேர். அங்கே ஒருத்தர் எழுந்து போனால் கச்சேரியே படுத்துடும். ம்யூலின் குவார்டெட் 1928-ல் ஆரம்பிச்சுது. 1932-ல் கிளாசுனோவ் அவங்களுக்காகவே ஒரு குவார்டெட் எழுதினார். நாற்காலி முதலில், படைப்பு பிறகு. கவனிச்சீங்களா?

இப்ப ஜாஸுக்கு வருவோம். பிக் பேண்டில் வழக்கமா அஞ்சு சாக்ஸ். ரெண்டு ஆல்டோ, ரெண்டு டெனர், ஒரு பாரிடோன். சம்பளத்தோட நாற்காலி! அதில் வந்து உட்கார்ந்தவர்தான் ஹாரி கார்னி. 1927-ல் டியூக் எல்லிங்டன் குழுவில் சேரும்போது அவருக்கு வயசு 17. 1974 மே மாசம் எல்லிங்டன் சாகிற வரைக்கும் அங்கேயேதான். 47 வருஷம். அதே வருஷம் அக்டோபரில் கார்னியும் போய்ச் சேர்ந்தார். கீழ் சுரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு உட்காருன்னு எல்லிங்டன் அவரை வைக்கலை. கார்டில் யாரும் எதிர்பார்க்காத சுரத்தைத் தூக்கி அவர்கிட்ட கொடுப்பார். அந்தக் குழுவோட நிறமே மாறிடும். தினமும் பக்கத்தில் ஒரு கார்னி இருந்தால்தான் அப்படி எழுதத் தோணும்.

'ஜெர்ரி மல்லிகனை விட்டுட்டியே'ன்னு ரசிகக் கண்மணிகள் சண்டைக்கு வருவீங்க, தெரியும். 1952-ல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோவே இல்லாமல் செட் பேக்கரோட சேர்ந்து அவர் நடத்தின குவார்டெட் அற்புதம்தான், சந்தேகமே இல்லை. ஆனா 'பாருங்க, பாரிடோனும் சோலோ வாசிக்கும்'னு அதைச் சான்றிதழ் மாதிரி நீட்டுறப்பதான் எனக்கு எரிச்சல். தனி ஆவர்த்தனத்தை மட்டும் வெச்சு மிருதங்க வித்வானுக்கு மார்க் போடுவோமா? மிச்ச ரெண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கினது யாரு? தாங்குறதும் கலைதான் சாமி.

நம்பாதவங்க சார்லஸ் மிங்கஸோட 'மோனின்' கேளுங்க. 1959-ல் பதிவானது. பெப்பர் ஆடம்ஸின் பாரிடோன் தன்னந்தனியா ஆரம்பிக்கும். மத்தவங்க ஒவ்வொருத்தரா அது மேல ஏறுவாங்க. எல்லாரும் ஏறின பிறகும் அஸ்திவாரம் எங்கே இருக்குன்னு காது தேடிக்கிட்டே இருக்கும். தயவுசெஞ்சு போன் ஸ்பீக்கரில் கேட்காதீங்க. கீழ் சுரங்கள் அதில் பாதி காணாமப் போயிடும். நல்ல ஹெட்போன் மாட்டுங்க.

அதனால என் கோரிக்கை இதுதான். பாரிடோனுக்குன்னு வருஷத்துக்கு ஒரு கச்சேரி வெச்சு மாலை போடுறது வேண்டாம். ஆர்கெஸ்ட்ராவில் மாசச் சம்பளத்தோட ஒரு நாற்காலி போடுங்க. கார்னிகள் தானா வருவாங்க.

டிஸ்கி: 'டெனர்தான் ஒசத்தி'ன்னு சொல்ற அன்பர்கள் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம். கதவு திறந்தே இருக்கு :-)