பெயரை அழித்துவிட்டால் போதுமா?

"பெயர் எழுத வேண்டாம், தைரியமாக உண்மையைச் சொல்லுங்கள்." சென்ற ஆண்டு எங்கள் புள்ளியியல் வகுப்பு நடத்திய ஆய்வின்போது, ஒவ்வொரு வினாத்தாளோடும் நாங்கள் ஒப்பித்த வாசகம் இது. குடும்ப வருமானம், கடன், காலையில் உண்டு வருகிறீர்களா என்பன போன்ற வினாக்கள். பெயர் கேட்கவில்லை. ஆனால் துறை, ஆண்டு, பிறந்த தேதி, சொந்த ஊர் ஆகியவற்றைக் கேட்டிருந்தோம். தாள்களை எண்ணிக் கட்டும்போது எங்களுள் ஒருவன் ஒரு தாளை உருவி, "அட, இது யாருன்னு தெரியுதா?" என்றான். அந்த ஊரிலிருந்து அந்தத் துறைக்கு வருபவர் ஒரே ஒரு மாணவிதான். வட்டிக்கு வாங்கிய கடனும், வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுவதும் அத்தாளில் இருந்தன. இரண்டே நாளில் அச்செய்தி சுற்றிச் சுழன்று அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது. அதன்பின் எங்களைக் கண்டால் அவர் வேறு வழியாகப் போகத் தொடங்கினார்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. அது எப்படி என்று தேடியபோதுதான், கணிப்பொறி ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாக மல்லாடிவரும் கேள்வியும் இதுவே என்று தெரிந்தது.

கணிப்பொறிப் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்குக் கடவுச்சொல்லும் திருடனும்தான் நினைவுக்கு வரும். பூட்டை உடைக்கும் திருடனே இல்லாமல், நல்லெண்ணத்தோடு வெளியிட்ட பட்டியலிலிருந்தே ஒருவருடைய அந்தரங்கம் கசியுமானால்?

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனித்துவந்த ஆணையம் அவர்களுடைய சிகிச்சை விவரங்களை ஆராய்ச்சிக்காக வழங்கியது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டன. பிறந்த தேதியும் பாலினமும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் அப்படியே இருந்தன. அந்தரங்கத்துக்குப் பங்கம் வராது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி அளித்திருந்தார். (அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்கள் வாக்கால் பதவிக்கு வருபவர்.) அப்போது எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனிக்கு அந்த உறுதிமொழியில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பட்டியல் அது. அதில் பெயரும் இருந்தது. பிறந்த தேதியும் பாலினமும் அஞ்சல் எண்ணும் இருந்தன. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தார். ஆளுநரின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் எண்ணுக்கு உரியவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டது!

1990ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு, இந்த மூன்று விவரங்களை வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று ஸ்வீனி பின்னர் கணக்கிட்டார். 2006இல் பிலிப் கோல் என்பவர் 2000ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, அவ்வளவு இல்லை, 63 விழுக்காடுதான் என்றார். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் என்பது ஆறுதல் தரும் எண்ணா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

"நோய் விவரம் என்றால் சரி, சினிமா பார்த்ததில் என்ன இரகசியம்?" என்பார் உண்டு. 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் திரைப்படங்களுக்கு இட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. எந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்று இன்னும் நன்றாகக் கணிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அரவிந்த் நாராயணன், தம் பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிக்கோவுடன் சேர்ந்து அந்தக் குவியலை ஆராய்ந்தார். ஒருவர் மதிப்பெண் இட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும். அவற்றுள் இரண்டு தவறாக இருக்கலாம், தேதியும் இரு வாரம் முன்பின் ஆகலாம். அப்படியிருந்தும் 99 விழுக்காட்டினரைக் குவியலிலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று 2008இல் வெளிவந்த ஆய்வுரையில் காட்டினர். ஒருவர் பார்க்கும் படங்கள் அவருடைய அரசியலையும், வீட்டாருக்கே தெரியாத பிறவற்றையும் சொல்லிவிடும். வழக்கும் அரசு அமைப்பின் விசாரணையும் வந்தபின், அடுத்த போட்டியை 2010இல் அந்நிறுவனம் கைவிட்டது.

இத்தகைய ஆய்வாளர்கள் திருடனுக்கு வழிகாட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பட்டியலை வெளியிட்டவர்கள் தம் வேலை சரியென்றே நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். உடைத்துப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வராதவரை அந்த நம்பிக்கை கலையாது. உடைத்தவர் அதைத் தன் பெயரோடு அச்சில் சொல்கிறார். திருடன் சொல்வானா? நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தனர். ஒரு பட்டியல் அந்த உரிமையைக் காக்கிறதா என்று பார்க்கக் கணக்குத் தெரிந்தவரும் வேண்டும்.

அப்படியானால் எதையும் கேட்காதே, எதையும் வெளியிடாதே என்று முடித்துவிடலாமா? விடுதியில் எத்தனை பேர் பசியோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் உதவி கேட்டு யாரிடம் போவது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஓர் உபாயம் சொன்னார். அதன் எளிய வடிவம் இது. பதில் சொல்பவர் நமக்குக் காட்டாமல் நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மீண்டும் சுண்டி, தலைக்கு 'ஆம்' என்றும் பூவுக்கு 'இல்லை' என்றும் சொல்ல வேண்டும். 80 பேரில் 32 பேர் 'ஆம்' என்றார்கள் எனக் கொள்வோம். நாணயத்தால் மட்டும் வந்த 'ஆம்' சுமார் 20. மீதி 12, உண்மை சொன்ன சுமார் 40 பேரிடமிருந்து வந்தவை. ஆக 80 பேரில் ஏறத்தாழ 24 பேருக்கு அந்தக் குறை உண்டு. யார் அந்த 24 பேர்? கேட்டவருக்கும் தெரியாது! தாளைத் திருடியவனுக்கும் தெரியாது!

2006இல் சிந்தியா டுவார்க்கும் அவருடைய கூட்டாளிகளும் இதே போக்கில் ஒரு முழுக் கோட்பாட்டை வகுத்தனர். எவ்வளவு குழப்பம் கலந்தால் எவ்வளவு காப்பு கிடைக்கும் என்று அதில் அளந்து சொல்ல முடியும். அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது பயன்பட்டது. சிற்றூர்களின் எண்ணிக்கை பிசகிவிடுகிறது என்று அங்கே எதிர்ப்பும் கிளம்பியது. அது நியாயமான குறையே. சிறு கூட்டத்தில் பிழை பெரிதாகத் தெரியும். எங்கள் 80 பேர் கணக்கிலும் 24 என்பது 16 ஆகவோ 32 ஆகவோ இருக்கலாம். அந்த விலையைக் கொடுக்க நான் தயார். வேறு விதமாகக் கருதும் ஆசிரியர்களும் எங்கள் துறையில் உள்ளனர்.

இவ்வாண்டு அதே ஆய்வை மறுபடி தொடங்குகிறோம். பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டு. ஊருக்குப் பதில் மாவட்டம். கடனுக்கும் பசிக்கும் நாணயம். சென்ற ஆண்டு நடந்ததற்கு அந்த மாணவியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இந்த முறை சேருவீர்களா என்று கேட்டதற்கு, "மொதல்ல தாளைக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். தாளைக் கொடுத்திருக்கிறோம். வரலாற்றுத் துறை நண்பர்கள் நால்வரிடமும் ஒரு மாதிரிக் கட்டைக் கொடுத்து, இதில் யாரையாவது கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டிருக்கிறோம். இன்னாருடைய மாமன் எந்த ஊர் என்பதுவரை அறிந்தவர்கள் அவர்கள்; அவர்களிடம் தப்பினால்தான் வினாத்தாள் வகுப்புகளுக்கு வரும்.