பூத்தையல் பயிற்சியும் சங்கத்தின் கடமையும்

நெசவாளர் இல்லத்துப் பெண்களுக்கும் உழவர் இல்லத்துப் பெண்களுக்கும் பூத்தையற் பயிற்சி முகாம்கள் பல இடங்களில் நடத்தப்பெறுகின்றன. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும், முகாம் முடிந்து சான்றிதழ் வழங்கிய பின் யாது நேர்கிறது என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கற்ற கைக்கு வேலை இல்லையெனில், அக்கல்வி பெட்டியில் பூட்டிய ஊசியை ஒத்ததே.

முதலாவதாக, இப்பயிற்சிக்குத் தைப்பவர் மட்டும் சென்றாற் போதாது. நெய்பவரும் உடன் செல்லல் வேண்டும். நீலகிரித் தோடர் மகளிர் துணியில் கோடு வரைந்துகொண்டு தைப்பதில்லை. பாவிழையையும் ஊடையிழையையும் எண்ணி எண்ணியே, சிவப்பும் கறுப்புமான நூலால் உருவத்தை எழுப்புகின்றனர். இத்தகைய தையலுக்கு அங்குலத்திற்குப் பாவு எத்தனையோ, ஊடையும் ஏறக்குறைய அத்தனை இருத்தல் நலம். இல்லையேல் சதுரமாக அமைய வேண்டிய பூ ஒருபுறம் நீண்டுவிடும். அக்குறையைத் தறியில் நீக்கலாம். ஊசியால் நீக்க இயலாது.

இரண்டாவது, கூலிக் கணக்கு. தோடர் தையலுக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். கூலியை நிர்ணயம் செய்யாது. ஒரு தலையணை உறைக்கு 12 மணி நேர வேலை என்று கொள்வோம். விலை ரூ. 300, துணிக்கும் நூலுக்கும் ரூ. 120. எஞ்சுவது ரூ. 180. மணிக்கு ரூ. 15 தான்! விற்பவர் கழிவு இன்னும் கழிக்கப்படவில்லை. இக்கணக்கைப் போடக் கற்பிக்காத முகாம், தையலைப் பாதியே கற்பித்ததாகும்.

மூன்றாவது, விற்பனை. குஜராத்தின் கச்சுப் பகுதியில் 1969-ஆம் ஆண்டு வறட்சியின்போது நிவாரணப் பணிக்குச் சென்ற சந்தா ஷ்ராஃப் அம்மையார், அங்குள்ள மகளிர் தானத்தைவிட உழைப்பின் ஊதியத்தையே விரும்பியதைக் கண்டார். தையற்கலை அவர்கள் முன்னரே அறிந்தது, இல்லாதிருந்தது வேலையே. அம்மையார் புடவைகளைக் கொடுத்துப் பூவேலை செய்வித்து, அவற்றை விற்றுக் கூலி அளித்தார். அதிலிருந்து வளர்ந்ததே 'ஸ்ருஜன்' நிறுவனம். நம் தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியிலும் லம்பாடிப் பெண்கள் மறையும் நிலையிலிருந்த தம் தையலை மீட்டு, 'போர்கை' என்னும் அமைப்பின் வாயிலாகப் பொருள்களாக்கி விற்கின்றனர்.

"சரக்குத் தேங்கினால் நஷ்டம் சங்கத்திற்கன்றோ?" என நிர்வாகிகள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதனாற்றான் சிறிதாகத் தொடங்குக என்கிறோம். சங்கம் ஏற்கெனவே விற்கும் துண்டு, மேசை விரிப்பு ஆகியவற்றில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் ஓரப் பூ இடச் செய்யலாம். விற்றதைப் பார்த்து அடுத்த வேலையைக் கொடுக்கலாம். நஷ்டம் வந்தாலும் அது பலரும் சிறிதளவு தாங்கும் நஷ்டம். தனித்து விடப்பட்ட பெண்ணுக்கோ அது குடும்பத்தின் நஷ்டம்.

ஆதலின், அங்கத்தினர்களை முகாமிற்கு அனுப்புமுன் எப்பொருளைச் செய்விப்பது, மணிக்கு என்ன கூலி தருவது, எவ்வளவு வாங்கிக்கொள்வது என்னும் மூன்றையும் நிர்வாகக் குழு தீர்மானித்துப் பதிவு செய்தல் வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அதனைக் கேளுங்கள்.