படம் விற்ற காசு யாருக்குப் போகிறது?

தசரா வந்துவிட்டால் மைசூர்ப் பொருட்காட்சித் திடலைச் சுற்றிவராத தமிழர் குடும்பம் இராது. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் சயாஜி ராவ் வீதியிலுள்ள காவேரி எம்போரியத்துக்கு அழைத்துப் போகிறோம். சந்தனப் பொம்மையின் விலையைக் கேட்டுவிட்டு, ஊதுபத்திக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். கைவேலைக்குப் பேர்போன இந்த ஊரில், "ஆள் கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கு உதவ" என்று எழுதி வைத்து ஓவியம் விற்றால், சொன்ன விலையைக் கொடுத்துவிட நம்மவர்கள் தயங்கமாட்டார்கள். பேரம் பேசாமல் வாங்குவது நல்ல குணந்தான். ஆனால் மளிகைக் கடையில் நூறு கேள்வி கேட்கும் நாம், இங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

இந்த வகை விற்பனையில் உலகம் அறிந்த உதாரணம் கல்கத்தாவில் நடந்தது. 1990களின் இறுதியில் சோனாகாச்சிப் பகுதிக்குப் படம் எடுக்க வந்த ஸானா பிரிஸ்கி என்ற பெண்மணி, அங்கே பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குழந்தைகளுக்குக் காமிராக்களைக் கொடுத்துப் பழக்கினார். அந்தக் குழந்தைகள் எடுத்த புகைப்படங்கள் நியூயார்க்கில் ஸாத்பீஸ் என்ற பெரிய ஏல நிறுவனம் வரைக்கும் போய் விலையாயின. வந்த பணம் அவர்களுடைய படிப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. இதைப் பற்றி அவரும் ராஸ் காஃப்மனும் 2004இல் வெளியிட்ட திரைப்படத்துக்கு மறு ஆண்டே ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. கூடவே கண்டனமும் எழுந்தது. பிள்ளைகளின் திறமையைக் காட்டப் போய்த் தாய்மார்களின் முகத்தையும் வீட்டையும் ஊரறியக் காட்டிவிட்டார்களே என்பது அவற்றுள் ஒன்று. அந்தக் கண்டனத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது.

அதே சோனாகாச்சிப் பகுதியில் 2001இல் வேறொரு முயற்சி தொடங்கியது. நியூசிலாந்து நாட்டுத் தம்பதி ஒருவர், இருபது பெண்களைக் கொண்டு சணல் பை தைக்கும் தொழிலை ஆரம்பித்தனர். ஃப்ரீசெட் என்று பெயர். இதில் ஏலமும் இல்லை, ஆஸ்காரும் இல்லை. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் வேலை, சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதிய ஏற்பாடு. மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் 1996இல் தொடங்கிய பிரஜ்வலா அமைப்போ, மீட்கப்பட்ட பெண்களுக்கு வெல்டிங், தச்சு வேலை, புத்தகம் கட்டும் வேலை ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தது. பெண்ணென்றால் பூத்தையல்தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். வெல்டிங் தெரிந்தவளுக்குப் பட்டறையில் கூலி உண்டு. அவளுடைய பழைய கதையைக் கேட்டு யாரும் கூலி நிர்ணயிப்பதில்லை.

நம் மைசூருக்கு வருவோம். இங்கே 1990களின் தொடக்கத்திலிருந்து இத்துறையில் உழைத்துவருவது ஒடனாடி என்னும் அமைப்பு. பத்திரிகையாளர்களாக இருந்த ஸ்டான்லி, பரசுராம் என்ற இரு நண்பர்கள் தொடங்கியது. ஒடனாடி என்ற கன்னடச் சொல்லுக்குத் தோழமையாக உடன் இருப்பவர் என்று பொருள். நம்முடைய 'உடன்' அதற்குள் ஒளிந்திருப்பதைத் தமிழர்கள் கவனிக்கலாம். பெண்களையும் சிறுமிகளையும் மீட்பது, தங்கவைப்பது, வழக்கில் துணை நிற்பது எல்லாம் செலவு பிடிக்கும் காரியங்கள். யோகம் கற்க வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாகக் கோகுலம் பகுதிக்கு வருகிற ஊரல்லவா இது? 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரே நாளில் பல நாடுகளில் 108 சூரிய நமஸ்காரம் செய்து இந்த அமைப்புக்கு நிதி திரட்டினார்கள். ஒடனாடிப் பெண்களே மைசூர் அரண்மனை முன்பு அதைச் செய்து காட்டினார்கள். படம் விற்றாலும் சரி, யோகம் செய்தாலும் சரி, காப்பகத்தின் அடுப்பு எரிய இத்தகைய பணம் வேண்டியிருக்கிறது. அதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல.

ஆனால் படம் விற்பதால் அந்தப் பெண்ணுக்குப் பிழைப்பு வந்துவிடும் என்று நம்புவதுதான் தவறு. மைசூர் ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் படத்தில் மேடு தடிப்பாக இருக்கும்; மைசூர்ப் படத்தில் மெல்லிய மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கோடு நடுங்காமல் வரவே வருஷங்கள் ஆகும். மீட்கப்பட்ட பெண் காப்பகத்தில் தங்குவதோ பெரும்பாலும் சில மாதங்கள். அதற்குள் அவள் கற்கக்கூடியது வாழ்த்து அட்டையில் பூப்போடுவது. அந்த அட்டையை முதல் தடவை அனுதாபத்துக்காக வாங்குவார்கள். இரண்டாவது தடவை யார் வாங்குவார்கள்? அவள் மனம் தேறுவதற்கு வண்ணமும் தூரிகையும் உதவும் என்பதில் ஐயமில்லை. மனத்துக்கு மருந்தாவது வேறு, வயிற்றுக்குச் சோறாவது வேறு.

ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டியவை சில உண்டு. இதை வரைந்தது யார், அந்தப் பெண்ணா அல்லது அவளுக்காக வேறொரு ஓவியரா? வரைந்தவளுக்கு இதில் எத்தனை ரூபாய்? அது அவள் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கில் விழுகிறதா, அமைப்பின் பொதுக் கணக்கில் சேருகிறதா? இரண்டில் எதுவானாலும் குற்றமில்லை. எது என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும். நேர்மையாக நடத்துகிறவர்கள் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. படத்தின் அருகே வரைந்த சிறுமியின் புகைப்படம், பெயர், ஊர், அவள் பட்ட துன்பம் எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்திருந்தால், அங்கே எதையும் வாங்காதீர்கள். 2015ஆம் ஆண்டு இளம் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நன்கொடை சேர்ப்பதற்காகத்தானே என்ற சமாதானம் செல்லாது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது அந்த அட்டை யார் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்குமோ?

இதையெல்லாம்விடப் பெரிய பணம் ஒன்று இருக்கிறது. அது சட்டப்படி அவளுக்கு உரியது. கொத்தடிமை மறுவாழ்வுக்கான மத்திய அரசின் திட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, கடத்தப்பட்டுப் பாலியல் சுரண்டலுக்கு ஆளான பெண்களும் குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். அத்தகையவர்களுக்கு உதவித்தொகை 3 லட்சம் ரூபாய். அதில் குறைந்தது 2 லட்சம் அவள் பெயரில் வருமானம் தரும் வைப்பாகவும், 1 லட்சம் அவள் கணக்கிலும் போக வேண்டும். மீட்கப்பட்டவுடன் கைச்செலவுக்கு முதலில் 20,000 ரூபாய் வரை என்று இருந்தது. 2022 ஜனவரி முதல் 30,000 வரை என்று உயர்த்தப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அட்டைக்குப் பத்து ரூபாய் அவளுக்கு மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், 3 லட்சம் சேர 30,000 அட்டை விற்க வேண்டும்.

இந்தத் திட்டத்திலும் முட்டுக்கட்டை இல்லாமலில்லை. முழுத்தொகை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. வழக்கு நடக்கும் வேகம் நமக்குத் தெரியாததா? பணத்துக்கு அடிப்படையான விடுதலைச் சான்றிதழைக்கூட எல்லோரும் பெற்றுவிடுவதில்லை. விபசார வழக்கு என்று மட்டும் பதிவாகி, கொத்தடிமை என்ற பேச்சே எழாவிட்டால் சான்றிதழுக்கு வழியில்லை. பிற மாநிலத்திலிருந்து, குறிப்பாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து, வேலை வாங்கித் தருவதாக அழைத்துவரப்பட்ட பெண்ணுக்கு இரட்டைக் கஷ்டம். கன்னடம் தெரியாது. அதிகாரி கேட்பது அவளுக்கு விளங்காது. அவள் சொல்வது அவருக்கு விளங்காது.

இங்கேதான் மைசூர்த் தமிழர்களுக்கு வேலை இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த குமாஸ்தாக்களும், மனு எழுதிப் பழகியவர்களும் நம்மிடையே ஏராளம். 1987ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, ஆள் கடத்தலுக்கு இரையானவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்தால் போதும். காப்பகங்களுக்குப் பழைய துணி கொண்டுபோய்க் கொடுக்கிற தமிழ் அன்பர்கள், அங்கே தமிழ் பேசும் பெண் யாராவது இருக்கிறாளா, அவளுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று பொறுப்பாளரிடம் கேட்கட்டும். அவளுடைய கதையைக் கேட்க வேண்டாம். விடுதலைச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, அவள் பெயரில் கணக்குத் திறந்தாயிற்றா, இந்த இரண்டை மட்டும் விசாரிக்கட்டும். சான்றிதழ் இருந்தால் அதன் நகல் ஒன்று அவள் கையிலேயே இருக்க வேண்டும். சொந்த மாவட்டத்துக்குத் திரும்பிய பிறகும் அங்கே கலெக்டர் அலுவலகத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.