எட்டாயிரம் பேர் வந்தும் மூடப்பட்ட அணி

2002-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் தன் பெண்கள் கூடைப்பந்து அணியை இழந்தது. ஆட்டம் பார்க்க ஆள் வராதது அதற்குக் காரணமல்ல. போர்ட்லாந்து ஃபயர் என்ற அந்த அணி மூன்றே சீசன்கள்தான் ஆடியது. மூன்றிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அணியோ ஒருமுறைகூட பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. கடைசி சீசனில் 16 வெற்றி, 16 தோல்வி. ஜெயிக்கத் திணறும் அணிக்கு எட்டாயிரம் பேர் என்பது எந்த ஊரிலும் சாதாரணக் கூட்டமல்ல. அப்படியும் மூடினார்கள்.

காரணம் டிக்கெட் கவுன்டரில் இல்லை. பெண்களுக்கான தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ அப்போது ஆண்கள் லீகான என்பிஏவின் நிழலில் இருந்தது. ஓர் ஊரின் ஆண்கள் அணி யாருடையதோ, பெண்கள் அணியும் அவருடையது. போர்ட்லாந்தில் அவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன். ஆண்கள் அணியான டிரெயில் பிளேசர்ஸும் அது ஆடிய அரங்கமும் அவர் கையில் இருந்தன. 2002 அக்டோபரில் விதி மாறியது: பெண்கள் அணியைத் தொடர்வதா, விற்பதா, விட்டுவிடுவதா என்று உரிமையாளரே முடிவு செய்யலாம். ஆலன் விலகிக்கொண்டார். பிளேசர்ஸின் முன்னாள் நட்சத்திரம் கிளைட் டிரெக்ஸ்லர் அணியை வாங்க முயன்றார், கைகூடவில்லை. அதே ஆண்டு மயாமி அணியும் மறைந்தது. யூட்டா அணி சான் அன்டோனியோவுக்கும் ஆர்லாண்டோ அணி கனெடிகட்டுக்கும் போயின.

அதே பெயரோடு ஃபயர் 2026 சீசனில் மறுபடி வருகிறது. உடனே பழைய கேள்வியும் வருகிறது: ஆறரை லட்சம் பேர் வாழும் நகரம், சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் சுமார் 25 லட்சம், இப்படியொரு நடுத்தர ஊர் ஒரு பெண்கள் அணியைத் தாங்குமா? தாங்கும் என்றே நினைக்கிறேன். ஊரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஊரைப் பார்த்து மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் கோளாறு.

மக்கள்தொகை எதையும் சொல்லிவிடாது என்பதற்கு இண்டியானாபொலிஸ் போதும். போர்ட்லாந்தைவிடச் சற்றே சிறிய வட்டாரம். அங்குள்ள இண்டியானா ஃபீவர் அணிக்கு 2023-இல் சராசரியாக நாலாயிரம் பேர் வந்தார்கள். 2024-இல் 17,036 பேர். ஊரும் அதே, அரங்கமும் அதே, இடையில் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் வந்து சேர்ந்தார். அப்படியானால் ஒரு நட்சத்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமோ? 2025-இல் கிளார்க் காயத்தால் 44 ஆட்டங்களில் 13-இல்தான் ஆடினார். சராசரிக் கூட்டம் பதினாறாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. சீசன் டிக்கெட்டுகள் முன்பே விற்றிருந்தன என்பது உண்மைதான். ஆனால் டிக்கெட் கையிலிருந்தும் வீட்டில் உட்கார்ந்துவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் டல்சா. டெட்ராய்ட்டில் மூன்று முறை சாம்பியன் பட்டம் வென்ற ஷாக் அணி 2010-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் இந்தச் சிறிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 2011-இல் 34 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. அரங்கம் பெரியது, கூட்டம் சிறியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வீராங்கனைகளைவிடக் காலி நாற்காலிகளே அதிகம் தெரிந்தன. 2015-இல் அணி ஒருவழியாக பிளே ஆஃபுக்குத் தகுதி பெற்றது. அந்த சீசனின் நடுவிலேயே உரிமையாளர் அணியை டாலஸ் வட்டாரத்துக்குக் கொண்டுபோவதாக அறிவித்துவிட்டார். டல்சாவில் ஆட்கள் குறைவு என்பது பாதிக் காரணம். பெண்கள் ஆட்டத்துக்குக் காசு கொடுத்து, தோற்றாலும் ஜெயித்தாலும் வாராவாரம் போகும் வழக்கம் அங்கே வேர்விடவில்லை என்பது மீதி.

போர்ட்லாந்தில் அந்த வழக்கம் இருக்கிறது. கூடைப்பந்தில் அல்ல, கால்பந்தில். நகரின் நடுவே, ரயில் வாசலிலேயே வந்து நிற்கும் பிராவிடன்ஸ் பார்க் அரங்கில் பெண்கள் அணியான தார்ன்ஸ் ஆடுகிறது. 2019-இல் அதற்கு வந்த சராசரிக் கூட்டம் 20,000-க்கும் மேல். உலகில் எத்தனையோ ஆண்கள் கிளப்புகளுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. வடக்குப் பக்கம் ரசிகர் படையின் இடம். அங்கே ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பாடுவார்கள், கோல் விழுந்தால் சிவப்புப் புகை எழும். 2022-இல் இதே நகரில் ஸ்போர்ட்ஸ் பிரா என்றொரு மதுக்கூடம் திறந்தது. உள்ளே இருக்கும் தொலைக்காட்சிகள் அத்தனையிலும் பெண்கள் ஆட்டம் மட்டுமே ஓடும். விளம்பரத் தந்திரம் என்று பலர் நினைத்திருப்பார்கள். கடை நிலைத்துவிட்டது.

இந்த ரசிகர்களுக்குக் கைதட்ட மட்டுமல்ல, கேள்வி கேட்கவும் தெரியும். பெண்கள் கால்பந்து லீகில் பயிற்சியாளர்கள் வீராங்கனைகளிடம் நடந்துகொண்ட அத்துமீறல்களைப் பற்றி, முன்னாள் தற்காலிக அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ் 2022 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார். தார்ன்ஸ் நிர்வாகமும் அதில் கடுமையாக அடிபட்டது. அதே மாதக் கடைசியில் அணி சாம்பியன் பட்டம் வென்றது. கோப்பை வந்துவிட்டதே என்று ரசிகர்கள் விட்டுவிடவில்லை. உரிமையாளர் மெரிட் பால்சன் அணியை விற்க வேண்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜனவரியில் 6.3 கோடி டாலருக்கு அணி கைமாறியது. வாங்கியது பதல் குடும்பம். கலிஃபோர்னியாவில் நீச்சலுடைத் தொழிலில் வளர்ந்த இந்திய வம்சாவளிக் குடும்பம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் 12.5 கோடி டாலர் நுழைவுக் கட்டணத்தில் டபிள்யூஎன்பிஏ அணியும் அவர்களுக்கே கிடைத்தது.

பால் ஆலன் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஆலனுக்குப் பெண்கள் அணி ஒரு பக்க வேலை. பதல்களுக்கு போர்ட்லாந்தில் இருப்பதே இரண்டு பெண்கள் அணிகள். பக்கத்து ஊரான ஹில்ஸ்பரோவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பயிற்சி மையத்துக்கும் பணம் போடுகிறார்கள்.

சிரமங்களும் உண்டு, அவற்றில் ஒன்று வானிலை. போர்ட்லாந்தில் மழை குளிர்காலத்தில். மாதக்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பிளேசர்ஸ் பார்ப்பது சுகம். டபிள்யூஎன்பிஏ நடப்பதோ கோடையில். ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுது சாயும். ஊரே ஆற்றங்கரையிலும் மலைப்பாதையிலும் கிடக்கும். அந்த வெயிலை விட்டுவிட்டு குளிரூட்டிய அரங்குக்குள் வா என்று அழைப்பது லேசல்ல. தார்ன்ஸும் அதே மாதங்களில்தான் ஆடுகிறது. உரிமையாளர் ஒருவரே என்பதால் தேதிகள் மோதாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் பொழுதுபோக்குப் பணம் இரண்டாகப் பிரிவதை யாராலும் தடுக்க முடியாது.

2025-இல் அறிமுகமான கோல்டன் ஸ்டேட் வால்கைரீஸ் அணியை உதாரணம் காட்டி, புது அணி என்றாலே அரங்கு நிரம்பும் என்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் அதன் 22 உள்ளூர் ஆட்டங்களுக்கும் 18,064 இருக்கைகள் நிரம்பின, உண்மை. ஆனால் அது உலகின் பணக்காரத் தொழில்நுட்ப வட்டாரம். அரங்கமும் தாய் அணியான வாரியர்ஸின் சொந்த அரங்கம். நுழைவுக் கட்டணமும் வெறும் 5 கோடி டாலர். போர்ட்லாந்து கொடுத்தது அதைப்போல் இரண்டரை மடங்கு.

கட்டணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 12.5 கோடி டாலருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி என்று வைத்தால் 62.5 லட்சம் டாலர், பந்து ஒருமுறை தரையில் படுவதற்கு முன்பே. இனி வரவு: ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர், டிக்கெட் சராசரி 40 டாலர் என்பது என் அனுமானம். 22 ஆட்டங்களுக்கு 88 லட்சம் டாலர் வரும். 2026 முதல் தொலைக்காட்சி ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்கு 220 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 20 கோடி. 15 அணிகள் ஆளுக்கொரு கோடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்று தோன்றும். ஆனால் லீகின் உடைமையில் 42 சதவீதம் என்பிஏவிடம், 16 சதவீதம் 2022-இல் 7.5 கோடி டாலர் போட்ட முதலீட்டாளர்களிடம். அணிகளுக்கு மிச்சம் 42 சதவீதம். அந்த விகிதத்தில் பிரித்தால் ஓர் அணிக்கு 56 லட்சம் வரலாம், லீகின் செலவைக் கழிக்கும் முன்பு. இதற்கு மேல் சம்பளம், அரங்க வாடகை, ஊழியர்கள். 2025-இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பே சுமார் 15 லட்சம் டாலர்தான். அந்த ஆண்டு ஆல் ஸ்டார் ஆட்டத்தன்று எங்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுங்கள் என்று அச்சிட்ட சட்டையை அணிந்து வீராங்கனைகள் களமிறங்கினார்கள். நியாயமான கோரிக்கை. சம்பளம் மேலே போகும், போக வேண்டும்.

அப்படியானால் ஆண்டு லாபத்தை நம்பி யாரும் 12.5 கோடி டாலர் போடவில்லை. ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப்போடுபவர் விளைச்சலைப் பார்த்தா வாங்குகிறார்? பக்கத்தில் பைபாஸ் வரும், விலை ஏறும் என்றுதானே. இங்கே அந்த ஏற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் கிளீவ்லேண்டும் டெட்ராய்ட்டும் ஃபிலடெல்ஃபியாவும் தலா 25 கோடி டாலர் கட்டணத்தில் அணி பெற்றன. ஒரே ஆண்டுக்குள் போர்ட்லாந்து கொடுத்ததைப்போல் இரட்டிப்பு.

நடுத்தர ஊர்களுக்கு எனக்குத் தெரியும் அபாயம் இந்த இடத்தில்தான். அன்று பெண்கள் அணிக்கு விலை இல்லாததால் போர்ட்லாந்து அதை இழந்தது. இனி, விலை ஏறியதாலேயே இழக்க நேரலாம்.

கனெடிகட்டைப் பாருங்கள். மொஹீகன் பழங்குடியினர் 2003-இல் ஒரு கோடி டாலருக்கு ஓர் அணியை வாங்கித் தங்கள் சூதாட்ட விடுதி வளாகத்தில் ஆடவைத்தார்கள். பக்கத்தில் பெருநகரம் கிடையாது, அரங்கின் கொள்ளளவு பத்தாயிரத்துக்குள். ஊர் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் இந்த அணி முதல் ஆண்டே மூடியிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. காரணம், வளாகத்துக்கு ஆள் வர வேண்டும், அணி ஆளைக் கூட்டி வந்தது. 2024 ஆகஸ்டில் அதே அணி ஓர் ஆட்டத்தை பாஸ்டனில் ஆடியது. 19,125 பேர் வந்து அரங்கை நிரப்பினார்கள். ரசிகர்களுக்குத் திருவிழா, வாங்க நினைப்பவர்களுக்கு விலைப்பட்டியல். 2025 கோடையில் 32.5 கோடி டாலருக்கு வாங்கி பாஸ்டனுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு குழு வந்தது. எந்த ஊருக்குப் போவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம், ஏற்கெனவே விண்ணப்பித்த நகரங்களுக்கே முன்னுரிமை என்று லீக் சொன்னது. மாநில அரசு தன் ஓய்வூதிய நிதியைக் கொண்டு பங்கு வாங்கி அணியைத் தக்கவைக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு விவகாரம் போனது. இந்தப் பேச்சு எதிலும், அந்த ஊர் அணியைத் தாங்கவில்லை என்ற குற்றச்சாட்டே எழவில்லை.

ஊர் மட்டும் முடிவு செய்வதில்லை என்பது அங்கே மட்டுமல்ல. இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்தைப் பல ஆண்டுகளாகத் தாங்கியது டிக்கெட்டே அல்ல, ரயில்வே வேலை. சென்னையில் தெற்கு ரயில்வேயில் பணியாற்றிய கீத்து அன்னா ஜோஸ் 2011-இல் டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு முகாம்களுக்குப் போய்வந்தார். இந்தியப் பெண் ஒருவருக்கு அந்த வாசல் அவ்வளவு கிட்டத்தில் வந்தது பெரிய விஷயம். அவரைப்போன்ற ஆட்டக்காரர்களை ஊர் ரசிகர்கள் வளர்க்கவில்லை, மாதச் சம்பளம் வளர்த்தது. எங்கேயானாலும் அணிக்குப் பின்னால் நிற்பவர் யார், அவருக்கு அதனால் என்ன ஆதாயம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

போர்ட்லாந்துக்குத் திரும்பினால், ஃபயர் ஆடப்போவது மோடா சென்டரில். பால் ஆலன் 1995-இல் திறந்த அதே அரங்கம். 2024-இல் அது மாநகராட்சியின் கைக்கு வந்தது. பிளேசர்ஸ் அணியை 400 கோடி டாலருக்கு மேல் விலை பேசி டாம் டண்டன் தலைமையிலான குழு வாங்க ஒப்பந்தமிட்டது. அரங்கைப் புதுப்பிக்கப் பொதுப் பணம் கேட்கும் பேச்சும் கூடவே வந்தது. 2023-இல் இதே நகருக்கு அணி தரும் முயற்சி கைவிடப்பட்டபோது அரங்கப் புதுப்பிப்பின் குழப்பமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

வரி கட்டுகிறவர்களின் பணம் அந்த அரங்கில் இறங்குகிறதென்றால், பேச்சுவார்த்தையில் பிளேசர்ஸின் 41 குளிர்கால ஆட்டங்களோடு ஃபயரின் கோடைத் தேதிகளும் எழுத்தில் வர வேண்டும். எத்தனை ஆண்டுக் குத்தகை, அணியை விற்றால் வாங்குபவரையும் அது கட்டுமா, வேறு ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டா என்று மாநகராட்சி உறுப்பினர்கள் இப்போதே கேட்கலாம். சீசன் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பவர்கள் அந்தக் கூட்டங்களுக்கும் போவது நல்லது. தார்ன்ஸ் ரசிகர்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும்.