பாடுபட்டவன் ஒருவன், பெயர் போட்டவன் வேறொருவன்!

களத்துமேட்டில் ஒரு மரக்கால் நெல்லை எடுத்தவனைத் திருடன் என்கிறார்கள். படித்தவர் ஒருவர் இன்னொருவருடைய ஆராய்ச்சியையே தூக்கிக்கொண்டு போனால் அதற்கு "நெறி பிறழ்ந்த நடத்தை" என்று பெயர்! பெயர் எதுவானால் என்ன? திருட்டு திருட்டுத்தான்.

நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் மைக்கேல் டான்சிங்கரும் அவருடைய சகாக்களும் ஒரு மருத்துவ ஆராய்ச்சியை முடித்தார்கள். ஐந்தாண்டுப் பாடு, 4,000 மணி நேர வேலை. எட்டு மணிக் கணக்கில் 500 ஷிப்டு! அதை 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்ற பேர்பெற்ற ஏட்டுக்கு அனுப்பினார்கள். ஏடு வழக்கப்படி வெளி நிபுணர்களிடம் ரகசியப் பரிசீலனைக்குக் கொடுத்தது. 2015ல் வேண்டாமென்று திருப்பிவிட்டது. பரிசீலித்தவர்களில் ஒருவர் என்ன செய்தார்? நோயாளிகளை ஐரோப்பியர்கள் என்று கற்பனையாக மாற்றி, கட்டுரையைத் தம் பெயரில் வேறொரு ஏட்டில் வெளியிட்டுவிட்டார்!

வேலியே பயிரை மேய்ந்தது. 2016ல் குட்டு உடைந்தது. திருட்டுக் கட்டுரை விலக்கப்பட்டது. திருடியவருக்கு டான்சிங்கர் பகிரங்கக் கடிதம் எழுதினார். 'அனல்ஸ்' அதை அச்சிட்டது. ஆனால் அதில் திருடியவர் பெயர் இல்லை!

இல்லாத நோயாளிகளைக் காட்டிய கட்டுரையை நம்பி டாக்டர் மருந்து எழுதினால், அதை விழுங்கப்போவது யார்? நாம்தான்.

"கம்ப்யூட்டர் இருக்கிறது, பிடித்துவிடும்" என்று சமாதானம் சொல்கிறார்கள். ஏற்கெனவே அச்சானதோடு ஒப்பிட்டுத்தான் கம்ப்யூட்டர் பிடிக்கும். அச்சேறாமல் பரிசீலகர் கையில் இருக்கும் பிரதியைத் திருடினால் எது பிடிக்கும்?

"விதிகள் இருக்கின்றன" என்கிறார்கள். 1997ல் பிரிட்டனில் ஏட்டாசிரியர்கள் கூடி ஒரு கமிட்டி அமைத்தார்கள். அது காட்டும் வழி என்ன? முதலில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கடிதம். பதில் சரியில்லையென்றால் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குக் கடிதம். விசாரிக்க வேண்டியது அந்த நிறுவனமாம்! தன் மானம் போகுமென்று அஞ்சுகிற நிறுவனம் அவசரப்படுமா?

மில்லில் ஒரு நூற்கண்டு காணாமற்போனால் வாசலில் நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். 500 ஷிப்டு உழைப்பு காணாமற்போனால் கடிதப் போக்குவரத்து!

இந்த ஏடுகளில் எழுதுகிறவருக்கும் பரிசீலிக்கிறவருக்கும் பெரும்பாலும் காலணா கூலி கிடையாது. ஆனால் பெரிய வெளியீட்டுக் கம்பெனியான எல்சவியர், வரவில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் லாபம் காண்கிறது. கூலியில்லாமல் உழைத்தவரின் பெயரையாவது காப்பாற்ற வேண்டாமா?

நாம் கேட்பது இதுதான்: புகார் வந்தால் கெடு வைத்து விசாரியுங்கள். நிரூபணமானால், யார், யாரிடமிருந்து, எதைத் திருடினார் என்று முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். பாடுபட்டவர் பெயர் பாடுபட்டவருக்கே!