குழலைப் பார்க்காதே, கட்டையைப் பார்!

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப் போட்டியில் வெள்ளி வென்றார். பறக்கிற தட்டைத் துப்பாக்கியால் சுடுவது என்று ஒரு விளையாட்டு இருப்பதே அன்றைக்குத்தான் இந்தியாவில் பல பேருக்குத் தெரிந்தது. அந்த டபுள் ட்ராப் 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. ட்ராப், ஸ்கீட் இரண்டும் இருக்கின்றன. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரீஸில் ட்ராப் சுட்டார்.

இந்த விளையாட்டுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?” கிடைக்கிற பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெராட்சி, பெரெட்டா, கிரீகாஃப்... பெயர்களின் பட்டியல்! போன ஒலிம்பிக்கில் யார் எதை வைத்து ஜெயித்தார் என்ற கணக்கு. காசு குறைவு என்றால் இன்னும் இரண்டு பெயர்கள்.

பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. வாங்குகிறவரின் உடம்பு!

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர அதில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியையும் கீல் போன்ற பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். விட்டம் 11 செ.மீ., எடை சுமார் 105 கிராம். ட்ராப்பில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் 15 எந்திரங்கள் இருக்கும். குரல் கொடுத்ததும் அவற்றில் ஒன்றிலிருந்து தட்டு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் அவரைவிட்டு விலகிப் பறக்கும். இடமா, வலமா, நேரா என்பது முன்கூட்டியே தெரியாது. ஒரு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஒரு விநாடியில் யாரும் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. கண் தட்டின் மேல் இருக்க வேண்டும். கண் போகிற இடத்துக்குக் குழல் தானாகப் போக வேண்டும். ரைஃபிளில் இருப்பது போல முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என்று இதில் கிடையாது. பின்பக்கக் குறி சுடுபவரின் கண்தான். அந்தக் கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது கன்னம் பதிகிற மரக்கட்டை.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணிலிருந்து குழல் முனை வரை ஏறக்குறைய 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தட்டு உடைபடும் தூரம் 36 மீட்டர். கன்னக்கட்டை 3 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தால் அங்கே சுடு 11 செ.மீ. கீழே போகும். தட்டின் விட்டமே 11 செ.மீ.தானே! ரவைகள் பரவிப் போவதால் சில தட்டுகள் அப்போதும் உடையும், சில உடையாது. ஏன் உடையவில்லை என்று சுடுபவருக்கே புரியாது. பயிற்சி போதவில்லை என்று நினைப்பார். இன்னும் 1,000 தோட்டா வாங்குவார். அதே 3 மில்லிமீட்டர் அவரைத் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கும்.

சரி, இதற்கு ஏன் ஓவர்-அண்டர் துப்பாக்கி? நம் ஊரில் இரட்டைக்குழல் என்றாலே பழைய வேட்டைக்காரர்கள் வைத்திருந்த, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல் உள்ள துப்பாக்கிதான் ஞாபகம் வரும். ஓவர்-அண்டரில் குழல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். அதனால் கண்ணுக்கு முன்னால் அகலமான இரட்டைக்குழல் தெரியாது, ஒற்றைக் கோடுதான் தெரியும். இரண்டு குழலுக்கும் வேறு வேறு சோக் வைக்கலாம். சோக் என்பது குழல் முனையின் இறுக்கம். இறுக்கம் கூடினால் ரவைகள் நெருக்கமாகப் போகும். ட்ராப்பில் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். முதல் சுடு தவறினால் இரண்டாவது சுடும்போது தட்டு இன்னும் தூரம் போயிருக்கும், எனவே இரண்டாவது குழலில் இறுக்கம் அதிகம். பெரும்பாலும் கீழ்க்குழல்தான் முதலில் சுடும். அதன் உதை தோளுக்கு நேராக வருவதால் முனை அதிகம் எகிறாது. மடக்கித் திறந்துவிட்டால் துப்பாக்கி காலி என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும் என்பது இன்னொரு வசதி.

1920-களில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த ‘சூப்பர்போஸ்ட்’ இந்த வகையைப் பரவலாக்கியது. 1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அவர் இறந்தபோது வேலை முழுதாக முடியவில்லை. மகன் வால் பிரௌனிங் தொடர்ந்தார். இன்று போட்டி மைதானங்களில் ஓவர்-அண்டர் தவிர வேறு வகை பார்ப்பது அரிது. எனவே வகையைப் பற்றிச் சண்டையே இல்லை. வகைக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சண்டை.

இங்கே வரிசை முக்கியம். முதலில் போட்டி, இரண்டாவது உடம்பு, மூன்றாவது பணம், கடைசியாகத்தான் பெயர். பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்.

போட்டி என்றால் ட்ராப்பா, ஸ்கீட்டா? ட்ராப்பில் தட்டு விலகி மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் கொஞ்சம் மேலே சுடும்படி உயர்ந்த கன்னக்கட்டை, 30 முதல் 32 அங்குலக் குழல், இறுக்கமான சோக். ஸ்கீட்டில் தட்டு குறுக்கே, கிட்டத்தில் பறக்கும். துப்பாக்கியை இடுப்பருகே வைத்திருந்து தட்டு வந்த பிறகுதான் தோளுக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே 28 முதல் 30 அங்குலக் குழல், திறந்த சோக், உடையில் சிக்காத வழவழப்பான அடிக்கட்டை. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று சொல்கிற விற்பனையாளரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. இரண்டையும் சுடலாம், இரண்டிலும் சுமாராக!

உடம்பு என்று வரும்போதுதான் உண்மையான அநியாயம் நடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கிகள் பலவற்றில் கட்டையின் நீளம் சுமார் 37 செ.மீ. சராசரி உயரமுள்ள, வலது கைப் பழக்கமுள்ள ஆணுக்கான அளவு அது. 15 வயதுப் பெண்ணிடம் அதே துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும்? கட்டை நீளம். அதைச் சமாளிக்க அவள் உடம்பைப் பின்னால் சாய்ப்பாள். துப்பாக்கியின் பாரம் முன்னால் இழுக்கும். கன்னம் கட்டையில் பதியாது. உதை தோளில் விழாமல் புஜத்தில் விழும். மாலையில் கை கன்றிப்போய் வீட்டுக்குப் போவாள். நாலு வாரம் கழித்து, “இது நமக்குச் சரிப்படாது” என்று அவளே முடிவு செய்துகொள்வாள். யாரும் அவளை விரட்டவில்லை. கட்டைதான் விரட்டியது. இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கும், வலது கையால் சுட்டாலும் இடது கண் ஓங்கியிருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

பெண்களால் முடியாது என்று இன்னும் யாராவது சொன்னால் 1992 பார்சிலோனாவைச் சொல்லலாம். அன்று ஒலிம்பிக் ஸ்கீட் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான போட்டி. தங்கம் வென்றவர் சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண். 1996-ல் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது, பெண்களுக்கான ஸ்கீட் 2000-ல்தான் வந்தது. குறை திறமையில் இருந்ததே இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த துப்பாக்கி வெறும் பகட்டு அல்ல. அதன் விசை துல்லியமானது. பல லட்சம் தோட்டாக்களைத் தாங்கும். விசைப்பகுதியைக் கழற்றி மாட்டும் வசதி சிலவற்றில் உண்டு, போட்டி நடுவில் ஸ்பிரிங் உடைந்தால் அது உயிர்காக்கும். விற்றாலும் நல்ல விலை போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெராட்சி போன்ற நிறுவனங்கள் வாங்குபவரின் அளவெடுத்துக் கட்டை செய்து தருகின்றன. கவனிக்க வேண்டியது இதைத்தான்! சாம்பியன்களின் துப்பாக்கி அவர்களுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. அதே கம்பெனிச் சட்டையைக் கடையில் தொங்கியபடி வாங்கி மாட்டிக்கொண்டால் அது சாம்பியனின் சட்டை ஆகிவிடுமா?

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு சுற்று என்பது 25 தட்டு. வாரம் நாலு சுற்று என்றால் வருடத்துக்கு 5,000 தட்டுக்கு மேல். ட்ராப்பில் இரண்டாவது சுடுவையும் சேர்த்தால் தோட்டாக் கணக்கு இன்னும் கூடும். துப்பாக்கி வாங்குவது ஒரு தடவைச் செலவு, தோட்டா ஒவ்வொரு வாரமும். வீட்டில் கடன் வாங்கிப் பெயர்பெற்ற துப்பாக்கியை வாங்கிவிட்டு, தோட்டாவுக்குக் காசில்லாமல் அதை அலமாரியில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டிருப்பதில் என்ன லாபம்? நடுத்தர விலையில், கன்னக்கட்டையை ஏற்றி இறக்கும் வசதியுள்ள ஒன்றை வாங்கி, மிச்சத்தைத் தோட்டாவிலும் பயிற்சியாளரிடமும் போடுவது புத்திசாலித்தனம். செதுக்கு வேலைக்குக் கொடுக்கும் காசு ஒரு தட்டைக்கூட உடைக்காது.

பழைய துப்பாக்கியும் மோசமில்லை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடி ஆட்டினால் குழல் ஆடக்கூடாது. மூடிய நிலையில் மேலே உள்ள நெம்புகோல் நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் நின்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது. இடது பக்கம் தாண்டிப் போயிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். குழலுக்குள் நசுங்கல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பத்துக் கடை ஏறி இறங்கிச் சுட்டுப் பார்த்து வாங்குவது இங்கே நடக்கிற காரியமில்லை. அதனால்தான் படத்தைப் பார்த்து, பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அவசரப்படாமல், சங்கத்தின் துப்பாக்கியிலேயே பயிற்சியாளர் மேற்பார்வையில் சில மாதம் சுட்டால் தன் அளவு தெரிந்துவிடும். ஒரு சோதனையும் உண்டு. துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கண்ணைத் திறக்க வேண்டும். குழல் புள்ளியை நோக்கி நிற்கிறதா? பத்து முறையில் எத்தனை முறை நிற்கிறது? பிறகு ஒரு இரும்புத் தகட்டிலோ பெரிய தாளிலோ சுட்டு, ரவைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் போதும். எந்தப் பெயரும் அந்தத் தாளில் பொய் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் கிம் ரோட் 1996 முதல் 2016 வரை ஆறு ஒலிம்பிக்கிலும் தனிநபர் பதக்கம் வென்றவர். பல ஆண்டுகள் ஒரே பெராட்சியில் சுட்டார். 2008 பெய்ஜிங்கில் வெள்ளி வென்ற கொஞ்ச நாளில் அது அவர் வண்டியிலிருந்து திருடு போனது. ரசிகர்கள் பணம் சேர்த்துப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். பழையது பிறகு கிடைத்தது. இடைப்பட்ட நாளில் அவர் இழந்தது என்ன? கம்பெனிப் பெயரை இழக்கவில்லை, அதே பெயரில் வேறொன்று கைக்கு வந்துவிட்டதே. அவர் கன்னமும் தோளும் கண்ணும் வருடக்கணக்கில் பழகிய அந்த ஒரு கட்டையைத்தான் இழந்தார்.

புதிதாக வருகிறவரும் தேட வேண்டியது அப்படி ஒரு கட்டையைத்தான். குழலில் யார் பெயர் பொறித்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.