மழைநீர்: முதலில் தொட்டிக்கு, மிச்சம் நிலத்துக்கு
வீட்டு மழைநீர்ப் பயன்பாடு குறித்து, சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பாகிய எங்கள் நிலைப்பாடு

சுருக்கமாக

மொட்டை மாடியில் விழும் மழையை அப்படியே குழிக்குள் இறக்கிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் மாற வேண்டும். அந்த நீரைச் சுத்தமாகப் பிடித்து சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், சேர்த்து வீட்டில் புழங்க வேண்டும். சம்ப் நிரம்பி வழிவதை நிலத்துக்குள் அனுப்ப வேண்டும். துணி துவைக்க, வீடு கழுவ, கழிவறைக்கு என எல்லா வீடுகளும் மழைநீரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும், கீழே சொல்லும் நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பின்னணி

2003இல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாட்டுக்கே முன்மாதிரியான அந்தச் சட்டத்தை வரவேற்றோம், இன்றும் ஆதரிக்கிறோம். அடுத்து வந்த ஆண்டுகளில் கிணறுகளில் நீர் ஏறியதில் அதற்கும் 2005இன் பெருமழைக்கும் பங்குண்டு. ஆனால் நடைமுறையில் மழைநீர் சேகரிப்பு என்றாலே நிலத்தடியில் இறக்குவது என்றாகிவிட்டது. அன்று வெட்டிய குழிகளில் பல, மண் அடைத்து மூடிக் கிடக்கின்றன. சில வீடுகளில் மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருக்கிறார்கள். கனமழை நாளில் தெருவில் மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வர வேண்டிய நிலைக்குப் போனது. மழை குறைந்த ஊர் அல்ல இது. ஆண்டுக்குச் சராசரியாக 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். தெறித்தும் உறிஞ்சப்பட்டும் போவதாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் 3,700 லிட்டர் கைக்கு வரும். தலைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில், நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு ஆறேழு நாள் தேவை அது.

குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 10 லிட்டர் என்று வைத்தால், 6,000 லிட்டர் சம்ப் அதே குடும்பத்துக்கு 150 நாள் தாங்கும். கேன் தண்ணீருக்குச் செலவழிக்கும் வீடு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

சுத்தமாகப் பிடிப்பது

வானிலிருந்து விழும் நீரில் பெரிய குறை இல்லை. அழுக்கு நம் மாடியில்தான் சேர்கிறது: புறா எச்சம், காய்ந்த இலை, புழுதி, வாகனப் புகையின் கரி. ஆகவே பருவமழைக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவ வேண்டும். பருவத்தின் முதல் மழையைச் சேர்க்கவே கூடாது. அதன்பின் சில நாள் இடைவெளி விட்டு வரும் ஒவ்வொரு மழையிலும் முதலில் இறங்கும் நீரைத் தனியே வெளியேற்ற வேண்டும். 1,000 சதுர அடிக்கு ஒரு 200 லிட்டர் டிரம் அளவு கழித்தால், மாடியில் படிந்த அழுக்கில் பெரும்பகுதி அதோடு போய்விடும். குழாயில் ஒரு டி-இணைப்பு, ஒரு வால்வு போதும். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

அடுத்தது ஃபில்டர். ஜல்லி, கூழாங்கல், மணல் என அடுக்கிய சிறு தொட்டி கசடை நிறுத்தும். அது கிருமியைக் கொல்லாது என்பதை மறக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மணலை அலசிப் போட வேண்டும்.

சம்ப் வாய் தெரு மட்டத்தைவிட உயரமாக, இறுக்கமான மூடியோடு இருக்க வேண்டும். வழிந்தோடும் குழாயிலும் காற்றுக் குழாயிலும் கொசு வலை கட்டாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது, பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறக்கிறது. மூடியில்லாத டிரம்மில் மழைநீர் பிடிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

குடிப்பது பற்றி

கான்கிரீட், ஓடு, துருப்பிடிக்காத உலோகத் தகடு ஆகிய கூரைகளிலிருந்து வரும் நீரை மட்டுமே குடிக்கக் கருதலாம். ஆஸ்பெஸ்டாஸ், தார்த்தாள், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு, குடிநீருக்கு ஏற்றதென உறுதியில்லாத நீர்க்கசிவுப் பூச்சு ஆகியவை உள்ள கூரைகளின் நீர் கழுவத் துவைக்க மட்டுமே. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தேய்த்துக் கழுவுவதோ துளையிடுவதோ கூடாது. அதன் இழை மூச்சில் போவது பெரிய ஆபத்து.

தகுதியான கூரை நீரையும் கொதிக்க வைத்தோ, புற ஊதாக்கதிர்க் கருவியில் செலுத்தியோ, குளோரின் கலந்தோதான் குடிக்க வேண்டும். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் தரமான ப்ளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, கசடு அடங்கியபின் மேல்நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விட வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் தேவை. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி துளியும் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். வெள்ளநீர் சம்ப்புக்குள் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, கழுவி, குளோரின் போட்ட பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

மழைநீரில் தாது உப்பு இல்லையே என்று கேட்கிறார்கள். குறைவுதான். நாம் காசு கொடுத்து வாங்கும் ஆர்.ஓ. கேன் நீரிலும் குறைவுதான். ஏற்கெனவே உப்பு குறைந்த மழைநீரை ஆர்.ஓ. கருவியில் விடுவது வீண், பாதி நீர் கழிவாகப் போகும்.

மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர் இருக்கும்போது மழைநீர் எதற்கு என்ற கேள்வியும் வருகிறது. நவம்பரில் நாம் மாடி நீரைப் புழங்கினால், அந்த மாதம் எடுக்காமல் விட்ட ஏரித் தண்ணீர் மே மாதத்துக்கு மிஞ்சும்.

நிலத்துக்கு அனுப்புவது

திறந்த கிணறு உள்ள வீடுகள் வழிந்த நீரை ஃபில்டர் வழியே கிணற்றில் விடலாம். மற்றவர்கள் சிமென்ட் உறை இறக்கிய உறிஞ்சு கிணறு அமைக்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் மாடி நீரை நேராக இறக்குவதை எதிர்க்கிறோம். மண் வடிகட்டும் வாய்ப்பே இல்லாமல் அழுக்கு ஆழத்துக்குப் போய்விடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நன்னீர் ஊற்றுக்குள் உப்பு ஏறாமல் தடுக்க நிலத்தில் இறக்கும் மழைநீரே துணை. எனவே அங்கு இந்த இரண்டாம் படியைக் கைவிடவே கூடாது.

அரசிடமும் மாநகராட்சியிடமும் கேட்பது

1. புதிய கட்டடங்களுக்கு நிலத்தில் இறக்கும் அமைப்போடு, மாடிப் பரப்புக்கு ஏற்ற சேமிப்புத் தொட்டியையும் கட்டாயமாக்க வேண்டும்.
2. அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு, நீர் இறங்குகிறதா என்று பார்க்கும் ஆய்வாக மாற வேண்டும். அது ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் முடிய வேண்டும்.
3. வார்டு அலுவலகத்திலேயே குறைந்த கட்டணத்தில் மழைநீர்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு வேண்டும்.
4. மாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்தவர்களுக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்து, அதன்பின் அபராதம் விதிக்க வேண்டும்.
5. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வாழும் குடும்பங்களிடம் தொட்டி கட்டச் சொல்வது நியாயமல்ல. அவர்கள் பகுதியிலுள்ள அரசுப் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை மாடிகளில் மழைநீரைப் பிடித்து, சுத்திகரித்துப் பொதுக் குழாயில் தர வேண்டும்.

நாங்கள் ஏற்பது

உறுப்புச் சங்கங்கள் ஒவ்வொன்றும் பருவமழைக்கு முன் மாடி, குழாய், ஃபில்டர், உறிஞ்சு கிணறு நான்கையும் சுத்தம் செய்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கும். குடிக்கப் பயன்படுத்தும் குடியிருப்புகள் பரிசோதனை முடிவையும் அங்கேயே ஒட்டும். முடிவு சரியில்லாத தொட்டியின் குழாயில் "குடிக்க அல்ல" என்ற எச்சரிக்கை தொங்கும், மறு பரிசோதனையில் தேறும் வரை அதை எடுக்க மாட்டோம். வாடகைதாரரிடம் இதற்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதும் எங்கள் விதி. சட்டம் திருந்தும் வரை இவற்றைத் தள்ளிப்போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.